நிறுத்தாத கட்டைவிரல்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ரியோவில் எங்கள் ராமோஸ் பக்கத்தில் இப்படித்தான் போடுவோம். உங்கள் அப்பா முதல் தடவை குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இரண்டு மூன்று வருடம் போனபின் அவரே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். குழந்தையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள், சிஹோ. டிசம்பரில் இந்த மாமரம் யார் தலை என்று பார்த்துப் பழம் போடாது. இப்படித் தகரக் கூரைக்குக் கீழே வந்து உட்காருங்கள். அவள் தூங்கட்டும்.

கடைசி நாளில் அப்பா கையைத் தூக்கினாரா என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஜப்பானின் நாகோயாவிலிருந்து கைக்குழந்தையோடு இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு வார்த்தை போதாது. முழுக்கச் சொல்கிறேன். நடுவில் எழுந்து போக நினைத்தால் போகலாம், நான் தடுக்க மாட்டேன்.

நான் ஏழு தந்திக் கிட்டார் வாசிக்கிறவன். எங்கள் ஷோரோ இசையில் மெட்டு மேலே ஓடும், புல்லாங்குழல் அதைத் தூக்கிக்கொண்டு பறக்கும். கீழே கனத்த தந்திகளைக் கட்டைவிரலால் தட்டி, அது கால் வைக்கும் இடமெல்லாம் தரை போட்டுக்கொடுப்பது என் வேலை. கைதட்டல் புல்லாங்குழலுக்கு. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நாற்பது வருடமாகக் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த முற்றத்தில் வட்டம் கூடும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நாங்கள் வாசிப்போம்; சுற்றி அக்கம்பக்கத்தார் பீர் பாட்டிலோடு நிற்பார்கள். வட்டத்தில் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்பாராத இடத்தில் சுருதியை மாற்றி மற்றவரைத் திணறடிப்பார். திணறி வழி தவறியவர் கவிழ்ந்தார் என்று கணக்கு. எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். கவிழ்ந்தவர் பீர் வாங்க வேண்டும். ஆனால் கவிழ்ந்தவருக்காக வட்டம் நிற்காது. பக்கத்தில் இருப்பவர் மெட்டை எடுத்துக்கொள்வார், பாட்டு போய்க்கொண்டே இருக்கும். வட்டத்தை நிறுத்துவது என் கட்டைவிரல் மட்டும்தான். தரை இல்லாமல் யாரும் ஓட முடியாது, பாருங்கள்.

வழக்கமாக மெட்டு வாசிப்பவர் எங்களைப் போன்ற பக்கவாத்தியக்காரர்களைக் கவிழ்ப்பார். நான் அதைத் திருப்பிப் போட்டேன். கீழிருந்து மேலே இருப்பவரைக் கவிழ்ப்பேன். ரியோவில் அப்படி ஒரு பெயர் எனக்கு உண்டு, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

உங்கள் அப்பா முதல் ஞாயிறு இங்கே வந்தபோது கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விடுப்பு எடுத்து, இசைத்தட்டில் கேட்டுக் கற்ற பாட்டுகளைப் புல்லாங்குழலில் வாசிக்க இவ்வளவு தூரம் வந்திருந்தார். நான் ஈவு இரக்கம் இல்லாமல் கவிழ்த்தேன். ஒவ்வொரு தடவை கவிழ்ந்ததும் எழுந்து எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, திரும்ப உட்கார்ந்து வாசித்தார். என் மனைவி லிந்தாவுரா அப்போது உயிரோடு இருந்தாள். கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்று, "பாவம்யா, பிளேன் ஏறி வந்து கவுந்துட்டு எப்படிச் சிரிக்கிறாரு பாரு. இவர விட்றாத ஜுரா, இந்த மாதிரி ஆளு நமக்குக் கிடைக்காது" என்றாள்.

விடவில்லை. அடுத்த ஆகஸ்டில் வந்தார். அதற்கடுத்த ஆகஸ்டிலும் வந்தார். ஒரு கட்டத்தில் அவரைக் கவிழ்க்க என்னால் முடியவில்லை. நான் எங்கே திரும்பினாலும் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கண்ணைச் சிமிட்டுவார். என் தந்திகள் எங்கே போகின்றன என்று என் வாழ்நாளில் கவனித்துக் கேட்ட ஒரே மனிதர் உங்கள் அப்பாதான். லிந்தாவுராகூட என்னைத்தான் கேட்டாள், தந்திகளைக் கேட்டதில்லை.

அவள் இறந்த வருடம் அவருக்கு விடுப்பே இல்லை. ஆனாலும் வந்தார். அந்த சோபாவில் படுத்துக்கொண்டார். அரிசியும் அவரை விதையும் வேகவைத்து, குழைத்து, என் முன்னால் வைத்துவிட்டு நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எனக்கு வருடம் என்றால் ஆகஸ்டுதான். மற்ற மாதங்கள் ஆகஸ்டுக்காகக் காத்திருக்கிற மாதங்கள்.

இந்த வருட ரெக்கார்டு அவருடைய யோசனை. ஷோரோ பிரேசிலுடையதுதான், ஆனால் கடல் தாண்டியும் அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும் என்றார். அர்ஜென்டினாவின் ரோசாரியோவிலிருந்து கிரசியேலா வந்தாள். பண்டோனியன் என்கிற துருத்திப் பெட்டியை மடியில் வைத்து வாசிப்பவள், வாய் கொஞ்சம் நீளம். கேப் வெர்டே தீவிலிருந்து அடெரிட்டோ வந்தான்; நான்கு தந்திச் சின்னக் கிட்டாரும் ஓயாத சிரிப்பும். ஸ்டுடியோ வேண்டாம், இந்த முற்றத்திலேயே பதிவு செய்யலாம், நாய் குரைத்தாலும் பஸ் போனாலும் அதுவும் பதியட்டும் என்று உங்கள் அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

நன்றாகத்தான் போனது. அடெரிட்டோ என்னைச் சீண்டாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட மாட்டான். "எங்க தீவுல மழை வருஷத்துக்கு ஒரு தடவதான் வரும், ஜுரா அண்ணே. நீங்க சிரிக்கிறதும் அந்தக் கணக்குதான்போல."

"அவர விடுடா," என்பாள் கிரசியேலா. "சிரிச்சா தந்தி அறுந்துடும்னு அவருக்குப் பயம்."

"அறுந்தா என்னக்கா? ஆறு தந்தியோட மனுஷங்க வாசிக்கிறதில்லையா?"

உங்கள் அப்பா குழலைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவார். அதை நான் மட்டும் கவனித்தேன்.

ஞாயிறு காலை தெருச் சந்தைக்கு நானும் அவரும் மட்டும் போனோம். பாஸ்டெல் என்கிற பொரித்த பலகாரமும் கரும்புச் சாறும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றபோது சொன்னார்.

"ஜுரா, எனக்கு நெஞ்சுல ஒரு வால்வு சரியில்லயாம். அக்டோபர்ல ஆபரேஷன்."

"பண்ணிட்டா சரியாயிடும்ல?"

"ஆயிடும். ஆனா அதுக்கப்புறம் குழல் வேணாம்னுட்டாரு டாக்டர். இவ்வளவு தூரம் பிளேனும் வேணாமாம். இந்தத் தடவையே அவருகிட்ட சொல்லாமத்தான் வந்தேன்."

நான் பாஸ்டெலைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

"எனக்கு வருத்தமே இல்ல, தெரியுமா? நானே ஆச்சரியப்பட்டேன். வாசிச்சது போதும்னு தோணுது. சிஹோவுக்கு செப்டம்பர்ல குழந்த பொறக்குது. மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான் ஆசை. உனக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன். கிரசியேலா அடுத்த வருஷம் ஐரோப்பா போறா. அவளுக்கு நீதான் வாசிக்கிற. பேசி முடிச்சாச்சு. நீ வீட்டுல தனியா உக்காரக் கூடாது."

மனைவியை இழந்தவனுக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டு வந்ததுபோல எனக்கு ஆள் பார்த்து முடித்துவிட்டு வந்திருந்தார். அக்கறையில் செய்தார். அது அக்கறை என்று எனக்கு அப்போதே புரிந்தது. அவருக்கு வருத்தமே இல்லை என்பதுதான் வலித்தது. நெஞ்சு வலியைச் சொல்ல வந்த மனிதர் எதிரில் நிற்க, எனக்கு நெஞ்சு வலித்தது.

மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொன்னால் கண்ணாடிப் பாத்திரம்போல நடத்துவார்கள், வாசிப்பு கெட்டுவிடும். அப்போதுதான் அந்த ஏற்பாடு. வாசிக்கும்போது முடியவில்லை என்றால் வலது கையைக் குழலிலிருந்து எடுத்து உயர்த்துவேன், நீ உடனே நிறுத்திவிடு என்றார். அவர் தானாக நிறுத்தினால் கவிழ்ந்துவிட்டார் என்று நினைத்துச் சிரிப்பார்கள், பாட்டு போய்க்கொண்டிருக்கும், யாரும் அவர் பக்கம் திரும்ப மாட்டார்கள். அதனால் நான் நிறுத்த வேண்டும். இதை உங்களிடமும் போனில் சொல்லியிருக்கிறார். நிறுத்தத் தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருக்கிறான், கவலைப்படாதே என்று சொன்னாராமே. நீங்கள் வந்ததும் அதைச் சொல்லி எனக்கு நன்றி சொன்னீர்கள். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. இல்லையென்றால், அவர் கையைத் தூக்கவில்லை என்று சொல்லியிருப்பேன். நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

கடைசி நாள் பிற்பகலில் கடைசிப் பாட்டு. நான் அவருக்காக எழுதியது, ராமோஸ் ரயில் என்று பெயர். ஓட்டமான பாட்டு. வேகமாக எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் நிதானமாக வாசித்து எடுத்துவிட்டோம். நன்றாக வந்தது. ஒலிப்பதிவு செய்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். உங்கள் அப்பா குழலைப் பெட்டியில் வைக்கக் குனிந்தார்.

"இன்னொரு தடவ," என்றேன்.

"ஏன் அண்ணே? சூப்பரா வந்துச்சே," என்றான் அடெரிட்டோ.

"மூணாம் பகுதி சரியில்ல. என் பக்கம் தப்பு."

மூன்றாம் பகுதியில் ஒரு தப்பும் இல்லை. எத்தனையோ தடவை அந்தப் பதிவைக் கேட்டுவிட்டேன். அதைவிடச் சுத்தமாக நான் வாசித்ததில்லை.

உங்கள் அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, உன் பாட்டு. உனக்குத் திருப்தியா இருக்கணும்," என்று குழலை எடுத்துக்கொண்டார்.

முதல் பகுதியிலேயே வேகத்தை ஏற்றினேன். கீழிருந்து தள்ளினால் மேலே இருப்பவர் ஓடித்தான் ஆக வேண்டும். கிரசியேலா உற்சாகமாகி, "அய்யோ, கிழவனுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு!" என்று கத்தினாள். அதுவும் பதிந்திருக்கிறது. வேலியோரம் நின்றவர்கள் தாளம் போட்டார்கள். இரண்டாம் பகுதியில் சுருதியைத் திருப்பினேன். உங்கள் அப்பா கூடவே வந்தார். இன்னொரு தடவை, யாரும் போகாத பக்கம் திருப்பினேன். அங்கேயும் வந்தார். அவர் வாசிப்பு அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை வராது. கேளுங்கள், ரெக்கார்டு உங்களிடம் இருக்கிறது.

பிறகு கையைத் தூக்கினார்.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. எதிர் நாற்காலியில் இருந்தார், என் கண்ணைப் பார்த்துத்தான் தூக்கினார். நான் இன்னொரு சுருதிக்குப் போனேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கையை இறக்கி மறுபடியும் குழலில் வைத்து வாசித்தார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார். அல்லது, ஜுரா நிறுத்தவில்லை என்றால் ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். அப்படியும் நினைக்கக்கூடியவர்தான். கொஞ்ச தூரம் வந்தார். இரண்டாம் தடவை தூக்கிய கை தோள்வரைகூட வரவில்லை. குழல் நின்றது.

"கவுந்துட்டாரு! ஜப்பான் கவுந்துட்டாரு!" என்று அடெரிட்டோ துள்ளிக் குதித்தான். "எத்தன வருஷம் கழிச்சு! பீர் அவரு கணக்குல!"

முற்றமே சிரித்தது. வேலியோரத்தில் விசில் பறந்தது. வழக்கப்படி கிரசியேலா மெட்டை எடுத்துக்கொண்டாள். அவர் நாற்காலியிலிருந்து சரிந்தபோதும் சிரித்தார்கள், ஏனென்றால் கவிழ்ந்த நாளில் அவர் அப்படி வேடிக்கை காட்டுவார், தரையில் படுத்துக் கும்பிடுவார். நான் மூன்றாம் பகுதியை முடித்தேன். கடைசி மூன்று தட்டும் அழுத்தமாகத் தட்டினேன். வெயில் தந்திக்கு ஆகாது என்பதால் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

அடெரிட்டோதான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். போன் உள்ளே இருக்கிறது, நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பிறகு கூப்பிட்டேன்.

இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வட்டத்தில் ஒருவர் கவிழ்ந்தார், எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் அடெரிட்டோவைத் தின்கிறது. தீவுக்குத் திரும்பியதிலிருந்து அவன் வாத்தியத்தைத் தொடவில்லை. போனில் அழுகிறான். "நான் குதிச்சேன் அண்ணே. அவரு செத்துக்கிட்டிருந்தாரு, நான் பீர் கேட்டுக் குதிச்சேன்." விடுடா, உனக்கு எப்படித் தெரியும் என்று நான் தேற்றுகிறேன். கிரசியேலா ஐரோப்பாவை வேண்டாம் என்றுவிட்டாள். அவரைத் தாங்கிப் பிடிக்காமல் அவர் வாயிலிருந்து மெட்டைப் பிடுங்கிக்கொண்டேன் என்கிறாள். அவளையும் தேற்றுகிறேன். ஒரு வார்த்தை சொன்னால் இருவருக்கும் பாரம் இறங்கிவிடும். இந்த நான்கு மாதத்தில் அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. அவர்கள் அழுவது எனக்குத் துணையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் போன் வராது.

காபி ஆறிவிட்டது, வேறு போடட்டுமா? வேண்டாம் என்றால் சரி.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அவருக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன். இப்படி வாசிக்கிற மனிதர் சோபாவில் உட்கார்ந்து, மாத்திரை விழுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகக் கூடாது. தன் உச்சத்தில், தன் வட்டத்தில், சிரிப்புச் சத்தத்தின் நடுவே போக வேண்டும். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ராத்திரியில் அதைச் சொல்லிக்கொண்டு நான் நன்றாகவே தூங்குகிறேன்.

ஆனால் இன்று நீங்கள் அந்த வாசலில் இவளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள். இவளுக்கு அவர் காது. மடியில் வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும் என்று சொன்ன குரல் எனக்குக் கேட்டது. அவர் தேய்ந்து போகப் போகவில்லை, சிஹோ. சந்தோஷமாக இருக்கப் போனார். நான் இல்லாமல், வாசிக்காமல், வருத்தமே இல்லாமல் இருக்கப் போனார். அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் அவரைக் கொன்றேன். கட்டைவிரலை ஒரு நொடி தூக்கியிருந்தால் பாட்டு நின்றிருக்கும். நின்றிருந்தால் அவர் ஊருக்குப் போயிருப்பார்.

காவல் நிலையம் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், நடந்தே போய்விடலாம். நீங்கள் சொன்னால் சட்டையை மாற்றிக்கொண்டு கூட வருகிறேன். இப்போது சொன்னதை அங்கேயும் சொல்வேன், ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன்.

அஸ்தியை வாங்கிப்போக வந்ததாகச் சொன்னீர்கள். உங்களுக்குப் பிரசவம் ஆகும்வரை நான் வைத்திருக்கிறேன் என்று நான்தான் தூதரகத்தில் கேட்டு வாங்கி வந்தேன். உள் அறையில் லிந்தாவுராவின் அலமாரியில் இருக்கிறது. தினமும் துடைக்கிறேன். காலையில் காபி போட்டால் பக்கத்தில் ஒரு கோப்பை வைக்கிறேன், இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு.

உட்காருங்கள், நானே எடுத்து வருகிறேன். இவ்வளவு சொன்ன பிறகு உங்களிடம் இதைக் கேட்கக் கூடாது என்று தெரிகிறது. இன்று வெள்ளிதானே. நாளை மறுநாள் வட்டம் இருக்கிறது. அதுவரைக்கும் அவர் இங்கே இருக்கட்டும், திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள்.